பேகம்பூரில் ஒரு கமேலியா

தப்ரேஸின் உடம்பு குளிர்ந்துபோனது, அவர் வீட்டுக் கமேலியாச் செடி முதல் மொட்டு வைத்த வாரத்தில். திண்டுக்கல்லில் அந்த வாரம் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்றது. அந்த ஊர்ப் பேகம்பூர்ப் பகுதியின் டாக்டர் மூன்று தெர்மாமீட்டர்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மூன்றும் மூலையில் இருந்த மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சியைத்தான் காட்டின. நாடி ஒழுங்காக அடித்தது, பசி எடுத்தது, தூக்கம் வந்தது. ஆகவே ஒரு சத்து டானிக் எழுதிக்கொடுத்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அதற்கு மூன்று வருடம் முன்பு, கல்யாணமான பத்தாம் ஆண்டில், தப்ரேஸும் அவர் மனைவி கமர்ஜஹானும் கொடைக்கானல் போயிருந்தார்கள். அங்கே ஒரு பூங்காவில், ரோஜா என்று நினைத்துக் குனிந்து முகர்ந்தவள் நிமிர்ந்து, "வாசனையே இல்லாம இம்புட்டு அழகா!" என்றாள். அவ்வளவுதான். பஸ் ஏறுவதற்குள் தப்ரேஸ் அந்தக் கமேலியாவில் ஒரு கன்று வாங்கிவிட்டார். கீழே கொண்டுபோனால் தாங்காது என்று நர்சரிக்காரர் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கமேலியாவுக்குப் புளிப்பான மண் வேண்டும், குளிர் வேண்டும். திண்டுக்கல்லில் இருப்பதோ வெயிலும் போர்வெல்லின் உப்புத் தண்ணீரும். தப்ரேஸ் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிப்பவர். அங்கே தோலோடு ஊறிச் சாரம் இழந்து புளித்த ஆவாரம்பட்டைச் சக்கையைச் சைக்கிளில் கட்டி வந்து மண்ணில் கலந்தார். மொட்டை மாடியின் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து ஊற்றினார். கண்ணை நம்புகிற ஆள் இல்லை அவர். தோலை உள்ளங்கையால் தடவித்தான் தரம் சொல்வார். விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும் செடிக்கடியில் குந்தி, இரண்டு கைகளையும் மண்ணில் பதித்து, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். நாளாக நாளாக அந்தப் பார்வை அரை மணி நேரமானது. தனக்கு வேண்டிய குளிரைச் செடி தானே உண்டாக்கிக்கொண்டது. அதற்கு எங்கிருந்தாவது சூட்டை எடுத்தாக வேண்டுமல்லவா? அவர் கையிலிருந்துதான் எடுத்தது.

சித்திரை வெயிலிலும் அந்தக் கொல்லையில் முழங்கால் உயரத்துக்குப் பனி நின்றது. தப்ரேஸ் தொட்ட டீ ஆறிப்போனது. பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏண்டி கமரு, ஒம் மாப்பிள்ளைய பிரிஜ்ஜுல வச்சா எடுக்குற?" என்று கேட்டுச் சிரித்தாள். கமர்ஜஹானும் சிரித்தாள். ஆனால் அவர் கை பட்டால் அவளுக்கு எலும்புவரை குத்தியது. அவருக்கோ அவள் விரல் பட்டால் சுட்டது. பட்ட இடம் சிவந்து தடித்தது. "கிட்ட வராதம்மா, நீ நடுங்குற" என்று சொல்லி, அவரே பாயைச் சுருட்டிக்கொண்டு முன் ஹாலுக்குப் போய்விட்டார். ஒரு வருடம் அவர்கள் கைகூடத் தொட்டுக்கொள்ளவில்லை. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனக் கிண்ணத்தைக்கூட மேஜையில் வைத்துத்தான் நகர்த்தினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரத்தில், செடி போனால் அவர் சூடு திரும்பும் என்று எண்ணி, கமர்ஜஹான் சுண்ணாம்பைக் கரைத்து ஒரு வாளி நிறையச் செடிக்கு ஊற்றினாள். சுண்ணாம்பு பட்டால் கமேலியா பிழைக்காது என்று அவரே சொல்லியிருந்தார். இலைகள் சாயங்கால அஸர் தொழுகைக்குள் மஞ்சளாயின. அதே நேரம், ஜும்ஆ முடிந்து ஷாப்புக்குப் போயிருந்த தப்ரேஸை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். அவருக்குப் புருவம் இல்லை. கையில் இருந்த முடியெல்லாம், முடி நீக்கச் சுண்ணாம்புக் குழியில் போட்ட ஆட்டுத்தோலில் கழல்வதுபோல, போர்வையோடு கழன்று வந்தது. உதடு வெளுத்து உப்பியிருந்தது.

அவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, தோல்ல ஏறுன சுண்ணாம்ப எத வச்சு எடுப்பீங்க?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். அவள் விரல் நுனியில் காய்ந்திருந்த சுண்ணாம்பையும் பார்த்தார்.

"புளிச்ச தவிட்டுத் தண்ணி," என்றார். "ஒரு தடவ பத்தாது கமரு. தண்ணி தெளியுற வரைக்கும் ஊத்தணும்."

"கோவமா?"

"மொதல்ல போயி ஊத்து தாயி. கோவத்தப் பெறகு பாப்போம்."

தெருவில் மாடு வைத்திருந்தவர் வீட்டில் புளித்த தவிட்டுத் தண்ணீர் இருந்தது. ஏழு குடம் ஊற்றினாள். பிறகு டிரம்மில் இருந்த மழைத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். அதுவும் பத்தாது என்று தோன்றியது. அவர் குந்துகிற இடத்தில், அவர் கைகள் பதிந்து பள்ளமான அதே இரண்டு குழிகளில், தன் உள்ளங்கைகளை வைத்து அழுத்தினாள். குழந்தை பால் குடிப்பதுபோல மண் அவள் சூட்டை இழுத்தது. அவள் கையை எடுக்கவில்லை. இழுக்கட்டும் என்று விட்டாள். மறுநாளும் வைத்தாள், அதற்கு மறுநாளும். ஜெய்தூன் பீவி கஞ்சி கொண்டுவந்து அவளுக்கு ஊட்டிவிட்டு, அவளைத் தொட்டுச் சில்லிட்ட கையை உதறிக்கொண்டே போனாள். நாற்பதாம் நாள் தளிர் வந்தது. தப்ரேஸுக்குப் புருவமும் வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக.

அன்று மத்தியானம் அவள் கொடுத்த டீ டம்ளர் கைமாறும்போது விரல்கள் பட்டுவிட்டன. இருவரும் பழக்கத்தில் சட்டென்று இழுத்துக்கொண்டார்கள். பிறகு தப்ரேஸ் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் கையை மெதுவாக எடுத்து, தோலைத் தரம் பார்ப்பதுபோல உள்ளங்கையால் தடவினார்.

"கமரு, ஒங்கை எம்புட்டு எதமா இருக்கு!"

அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது கமேலியா டிசம்பரில் பூக்கிறது. பூக்கள் வாடுவதில்லை, முழுசாக, முகம் மேலே பார்க்க விழுந்து கிடக்கின்றன. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தெருக்காரர்கள் அந்த வீட்டுக்குத்தான் முதலில் தூக்கி வருகிறார்கள். கணவனோ மனைவியோ, யார் சும்மா இருக்கிறார்களோ அவர் பிள்ளையின் நெற்றியில் தன் குளிர்ந்த கையை வைக்கிறார். டாக்டரும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் தெர்மாமீட்டர் வைப்பதை விட்டுவிட்டார். முன் ஹாலில் இருந்த பாய் உள் அறைக்குத் திரும்பிவிட்டது.