லீக்ஸ் முளைத்த ஓர்கன்

போதகர் கனகரத்தினம் சொன்னால் சொன்னதுதான். "அறுப்பின் பண்டிகையண்டு இது பாடவேணும். பாடேல்லையெண்டால் பூசணிக்காயோட சேர்த்து இதையும் ஏலத்தில விட்டிடுவன்" என்று சபைக்கு முன்னால் அறிவித்துவிட்டார்.

'இது' என்றால் ஓர்கன், துருத்திக் காற்றில் பாடும் குழாய் வாத்தியம். குணமணி ரீச்சரின் கணவர் ஜெயரட்ணம், கந்தோர் வேலை முடிந்த பிறகெல்லாம் தேவாலயத்திலேயே கிடந்து கட்டியது. சுதந்திரம் வந்து துரைமார் சீமைக்குப் போனபின் அப்புத்தளையில் பூட்டிக் கிடந்த தேவாலயத்திலிருந்து பெரிய குழாய்கள் வந்தன. சின்னக் குழாய்கள், ஸ்பிரிங்வெளியில் எலி தின்று மிச்சம் வைத்த இன்னொரு ஓர்கனிலிருந்து வந்தவை. காற்றுப்பெட்டி தேயிலைப் பெட்டிப் பலகை. இரண்டு ஊர்க் குழாய்களையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவருவதற்குள் மனுசன் பாதியாக இளைத்துப்போனார். அதைப் பூசணிக்காயோடு ஏலம் கூறுவதா? நினைக்கவே குணமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆராதனைப் பாட்டுகளுக்குப் பழைய ஆர்மோனியத்தை மிதித்து மிதித்து அவளுக்கும் கால் ஓய்ந்திருந்தது.

பண்டிகையன்று வெலிமடையிலிருந்து லொறி நிறைய மரக்கறி வந்து இறங்கியது. போதகரின் மனைவி ஞானேஸ்வரி கையில் அகப்பட்ட இடமெல்லாம் அலங்கரித்தார். ஓர்கனும் தப்பவில்லை. முன்வரிசைக் குழாய்களின் தலையில் வெங்காயத்தாள் போலப் பச்சைப் பசேலென்று லீக்ஸ் இலைகள். நேரம்பிந்தி ஓடிவந்த குணமணி, வடிவாய்த்தான் கட்டியிருக்கிறார் என்று நினைத்தாள்.

ஜெயரட்ணம் ஓர்கனுக்குப் பின்னால் போய்த் துருத்திப் பிடியை அமுக்கத் தொடங்கினார். முதல் பாட்டு. சின்னக் குழாய்கள் கீச்சிட்டன. பெரியவை 'புஸ்' என்றன. போதகர் ஓர்கனைப் பார்த்தார், பிறகு பூசணிக்காயைப் பார்த்தார்.

குணமணி மறுபடி கட்டையை அழுத்தினாள். மேலே ஓர் இலை நடுங்கியது. அடுத்த கட்டை, அடுத்த இலை. அட, கட்டியதல்ல, செருகியது!

"அம்மா, குழாய்க்குள்ளையோ வைச்சனீங்கள்?"

"பூச்சாடி மாதிரி வடிவா இருந்துதே, ரீச்சர்" என்றார் ஞானேஸ்வரி, பாவம்.

குணமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கதிரையில் ஏறினாள். சபை வாய்பிளந்து பார்க்க, லீக்ஸை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கிப் போட்டாள். இறங்கிவந்து வாசித்தாள். பெரிய குழாய்கள் முழங்க, காலடிப் பலகை அதிர்ந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது. சபை எழுந்து நின்று பாடியது.

ஆராதனை முடிந்ததும் ஜெயரட்ணம் வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

"ஒழுங்காப் பாடினதோ?"

"ஏனப்பா, உங்களுக்குக் கேக்கேல்லையே?"

"துருத்தி போட்ட சத்தத்தில நான் என்னத்தைக் கேக்கிறது?"

கட்டிய மனுசனே கேட்கவில்லை என்றதும் குணமணிக்குப் பொறுக்கவில்லை. ஏல மணியோடு வெளியே போன போதகரை வாசலில் மறித்தாள். "ஐயா, மணியை வைச்சிட்டு ஓர்கனுக்குப் பின்னால ஒருக்கா வாங்கோ."

பூசணிக்காய்கள் முற்றத்தில் காத்துக் கிடந்தன. ஜெயரட்ணம் முன்வரிசை வாங்கில் தனியாக உட்கார்ந்தார். போதகர் அங்கியின் கையை மடித்துவிட்டுத் துருத்தியை அமுக்க, குணமணி தன் மனுசனுக்காக முதலிலிருந்து வாசித்தாள்.