ஐந்து பேருக்கு ஒரு குப்பி

அன்று சங்க அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். சிவராமனாகிய நான், ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இந்தக் குடியிருப்போர் சங்கத்தின் தலைவன். என் மருமகள் வித்யா, அரசு சுகாதார நிலையத்தில் செவிலியர். ஊசி போட்டுக்கொள்ள வந்திருந்த நால்வர்: மூன்றாவது தெரு நாகம்மா, ஷேர் வேன் ஓட்டும் அவள் மகன் பாபு, தையல்கடை அப்துல் ரசாக், பள்ளி ஆசிரியர் ஜஸ்டின். கடைசியாக வந்தவன் என் தம்பி லட்சுமணன். எட்டாவதாக ஒருவர் இல்லை. நேரில் பார்த்ததாகத் திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தில் நின்று கதை சொல்கிறவர்கள் எவரும் அங்கே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஊரையே முடக்கிய காய்ச்சல் வைரசுக்கு ஆண்டுக்கொரு முறை போடும் பூஸ்டர் ஊசிக்கு இது நான்காவது ஆண்டு. முதல் ஆண்டு வரிசை தெருமுனை வரை நின்றது. இந்த ஆண்டு முகாமின் கடைசி நாள், காலை பதினொரு மணி வரை வந்தவர்கள் நான்கு பேர். ஒரு குப்பியில் ஐந்து பேருக்கான மருந்து இருக்கும். திறந்துவிட்டால் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். மிச்சத்தைக் கொட்டத்தான் வேண்டும். அதனால் ஐந்து பேர் சேராமல் குப்பியைத் திறக்கக் கூடாது என்று செவிலியர்களுக்கு உத்தரவு.

நாகம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் அவளைப் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடத்தியது. இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு அன்று ஊசி கிடைத்தாக வேண்டும். வித்யா முகாமின் முதல் நாளே போட்டுக்கொண்டுவிட்டாள்.

"இன்னா வாத்தியாரே, இப்பவே கைய மடிச்சுக்கினு குந்திகீறே? ஊசின்னா அவ்ளோ ஆசையா?" என்றான் பாபு.

"ஊசியப் பாத்தா நீ கண்ண மூடிக்கிறவன்டா. பேசாதே" என்றார் ஜஸ்டின்.

நாகம்மா என்னைப் பார்த்தாள். "ஐயா, நீங்க குந்தினா அஞ்சு ஆயிடும்ல?"

"எனக்கு வேண்டாம்."

"வுடும்மா. அவரு ஊட்ல ஒரு சாவு வுயுந்துகீது" என்றான் பாபு.

வித்யா தலை நிமிரவில்லை. ஏன் நிமிரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

போன ஆண்டு லட்சுமணனின் ஒரே மகன் ஜெகதீஷ் முப்பத்தோரு வயதில் இறந்தான். முத்தாபுதுப்பேட்டையில் தம்பி கட்டிக்கொண்டிருந்த வீட்டில், பூசாத சுவருக்குப் பக்கத்தில் கிடந்தான். முதலில் பார்த்தவன் நான். மூன்று நாள் விடாமல் குடித்திருந்தான். சுற்றிலும் கிடந்த பாட்டில்களைச் சிமெண்டுச் சாக்கில் கட்டிப் புதரில் எறிந்தேன். அவன் முகத்தைக் கழுவினேன். எங்கள் வம்சத்தில் குடித்துச் செத்தவன் என்று ஒருவன் கிடையாது. இனியும் இருக்கக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். தெரிந்த டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டவர்களிடம், மூன்று நாளைக்கு முன்பு வருஷ ஊசி போட்டுக்கொண்டான் என்றேன். வாயில் வந்தது அதுதான்.

தம்பி அதை நம்பினான். ஊரும் நம்பியது. வித்யா மட்டும் ஊசிப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தாள். "மாமா, ஜெகா பேரே இதுல இல்லையே." வீட்டு மானம், வாயைத் திறக்காதே என்றேன். ஓராண்டாக அவள் திறக்கவில்லை. தெருவில் அவளைக் கொலைகாரி என்றார்கள். அப்போதும் திறக்கவில்லை. அந்தப் பொய்யைக் காப்பாற்ற நானும் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருந்தேன்.

"இந்த வருஷம் யாரக் கொல்லப் போறீங்க?"

வாசலில் லட்சுமணன் நின்றான். கையில் ஷட்டரை இழுக்கும் கொக்கிக் கம்பி. சுவரோரம் சாய்த்து வைத்திருந்ததை எடுத்திருந்தான். நான்கடி நீளம், கட்டைவிரல் பருமன்.

பாபு எழுந்தான். "அண்ணாத்தே, கம்பிய கீய போடு. பொம்பளைங்கோ கீறாங்கோ."

கம்பி பாபுவின் நெற்றியில் விழுந்தது. ரத்தம் மேசை விரிப்பில் சிதறியது. தடுக்க வந்த ரசாக்கின் தோளில் அடுத்த அடி. அவர் "யா அல்லா" என்று மண்டியிட்டார். ஜஸ்டின் மருந்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் குந்திவிட்டார். நாகம்மா சுவரைப் பார்த்துத் திரும்பி, டயாலிசிஸுக்காக அறுவை செய்திருந்த இடது கையை வயிற்றுக்குள் ஒளித்துக்கொண்டாள். அவள் முதுகில் ஒன்று விழுந்தது. கத்தினாளே தவிர, கையை வெளியே எடுக்கவில்லை.

நான் அசையவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவன் நின்றுவிடுவான். அந்த வாக்கியம் என் தொண்டையில் இருந்தது. நான் விழுங்கினேன்.

லட்சுமணன் வித்யாவிடம் போனான். "எத்தன தடவ போன் பண்ணின? வா ஜெகா, வந்து போட்டுக்கோ ஜெகான்னு?"

"சின்ன மாமா, அவரு வரவே..." என்று தொடங்கி, என்னைப் பார்த்தாள். நிறுத்திவிட்டாள்.

அந்த இடைவெளியில் கம்பி இறங்கியது. அவள் இடது மணிக்கட்டு முறிந்த ஓசை எனக்குக் கேட்டது.

இரும்பு மடக்கு நாற்காலி கையில் எப்படி வந்தது என்று தெரியாது. முதல் அடி அவன் முதுகில். திரும்பினான், இரண்டாவது வாயில். பற்கள் தரையில் விழுந்தன. மூன்றாவது அடியில் கம்பி பிடித்த கை உடைந்து தொங்கியது. அவன் விழுந்த பிறகும் அடித்தேன். எழுபத்திரண்டு வயதில் எனக்கு அத்தனை பலம் இருந்தது. சொல்வதைவிட அடிப்பது எளிதாக இருந்தது. ரசாக் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தார்.

"போதும் சார்! தம்பி சார் அது! செத்துருவாரு!"

லட்சுமணன் தரையிலிருந்து பேசினான், வாயில் ரத்தம் குமிழியிட. "அடிண்ணே. எம்புள்ளயத்தான் ஊசி போட்டுக் கொன்னீங்க. என்னையும் கொல்லு."

நாற்காலியைக் கீழே வைத்தேன். விரித்து, ஒழுங்காக வைத்தேன்.

"ஜெகா ஊசி போடலடா. வித்யா கூப்பிட்டும் வரல. குடிச்சுச் செத்தான். பாட்டில எல்லாம் சாக்குல கட்டி வீசினது நான். ஊசின்னு சொன்னதும் நான்."

பாபுவின் நெற்றியிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. லட்சுமணன் மெதுவாக எழுந்து சுவரில் சாய்ந்தான்.

"தனியாவா கெடந்தான்?"

"தனியாத்தான்."

"மூணு நாளுமா?"

"தெரியல. நான் போனப்போ ஒடம்பு சில்லுனு இருந்துது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குப் பிறகு இன்றுவரை என்னை அண்ணன் என்று கூப்பிடவில்லை.

வித்யா முறிந்த கையை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார் ஜஸ்டின். "அஞ்சு நிமிஷம் சார்" என்றாள். "நாகம்மாவுக்குப் போட்டுட்டுப் போயிடலாம். அஞ்சு பேரு சேந்தா."

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினேன். என் சட்டையில் தம்பியின் ரத்தம் இருந்தது.

ஜஸ்டின் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். வித்யா ஒற்றைக் கையால் மருந்தை உறிஞ்சினாள். முதலில் நாகம்மாவின் வலது கை. பிறகு ரசாக், ஜஸ்டின். பாபு நெற்றியில் துண்டை அழுத்தியபடி, "மண்டைல வாங்கியாச்சு, இது கொசுக்கடிதான்க்கா. குத்து" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். கடைசியாக நான். குத்திவிட்டு, என் பெயரைப் பதிவேட்டில் எழுதினாள்.

பிறகு ஜஸ்டினின் காரில் வித்யாவையும் லட்சுமணனையும் பாபுவையும் ஏற்றினோம். முன் இருக்கையில் லட்சுமணன், பின்னால் மற்ற இருவர். போலீசில் நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன், பாட்டில் உட்பட.

இப்போது புதிதாக ஒரு பேச்சு. லட்சுமணனைத் தூணில் கட்டிவைத்து வலுக்கட்டாயமாக ஊசி போட்டோம், அதனால்தான் அவன் கை விளங்காமல் போயிற்று என்று திருவேற்காடு வரை சொல்கிறார்கள். அந்த அறையில் தூண் கிடையாது. லட்சுமணனுக்கு யாரும் ஊசி போடவில்லை. அவன் கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. முறித்தவன் நான்.