அப்பாவுக்குச் சொன்னது

மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலையில் மூச்சு நின்றுபோன அப்பாவின் மூடிய இமைகள்மேல் மர்த் ஈரப்பஞ்சை வைத்தாள். தலைக்கடியில் இன்னொரு தலையணை. கண் வங்கியிலிருந்து போனில் சொன்ன வரிசைப்படியே செய்தாள். செய்வதாலேயே கண்தானத்துக்குச் சம்மதித்ததாகிவிடுமோ என்று பயந்தாள்.

கண் வங்கிக்குப் போன் செய்தது அண்ணன் ரஃபாயேல். அவளைக் கேட்கவில்லை.

"பப்பா வேணான்னாருண்ணே. நேத்து சாயங்காலம்கூட கையைப் புடிச்சிக்கிட்டு, கண்ணை எடுக்க விட்டுடாதன்னாரு. விடமாட்டேன்னு சொல்லிட்டேன்."

அப்பா கஸ்தோன் பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அல்ஜீரியாவில் கண்ணிழந்த சிநேகிதனைப் புதைத்ததிலிருந்து அவருக்கு அந்தப் பயம்: கடைசி நாளில் எல்லாரும் உயிர்த்தெழும்போது தான் மட்டும் இருட்டில் தடவிக்கொண்டு நிற்க நேருமோ என்று.

"ஆண்டவரு உலகத்தையே ஆறு நாள்ல படைச்சாரு. ரெண்டு கண்ணு குடுக்க மாட்டாரா?" என்றான் ரஃபாயேல். "பப்பாவுக்கு இனிமே என்ன இருக்கு? அங்க ரெண்டு பேருக்குப் பார்வை வரும். எது பெருசு, சொல்லு."

"அப்ப செத்தவங்ககிட்ட சொன்னதெல்லாம் சும்மாவா? நாளைக்கு நான் போய்ட்டா, எனக்குச் சொன்னதையும் இப்படித்தான் கூட்டிக் கழிப்பியா?"

தான் சொன்னது சரியா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுத்தால் முகமறியாத இருவர், கொடுத்தால் அப்பா. எந்தப் பக்கம் யோசித்தாலும் யாரோ இருட்டில் நின்றார்கள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. பெட்டியோடு வந்த பெண் டாக்டர் செருப்பைக் கழற்றினார். அறைக்குள் போகவில்லை.

"வீட்ல எல்லாருக்கும் சம்மதந்தானே? ஒருத்தர் வேணான்னாலும் போயிடுறோம். தப்பா நெனைக்க மாட்டோம்."

ரஃபாயேல் தங்கையைப் பார்த்தான். இம்முறை அவன் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுத்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"வலிக்காதுல்ல?" என்றாள் மர்த்.

"வலிக்காதும்மா."

டாக்டர் உள்ளே போனதும் அறைக் கதவு சாத்தப்பட்டது.

மாலையில், சவப்பெட்டியை மூடுவதற்கு முன், சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டைவிரலால் கஸ்தோனின் நெற்றியில் சிலுவை போட்டார்கள்.

"தூங்குற மாதிரியே இருக்காருடி" என்றாள் அத்தை க்ளெமான்ஸ்.

இமைகள் நன்றாகத்தான் மூடியிருந்தன. வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

மர்த்தின் முறை வந்தது. குனிந்தாள். விரல் நெற்றிக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது.

"சீக்கிரம்மா, சாமியார் காத்துக்கிட்டு இருக்காரு" என்றார் யாரோ பின்னாலிருந்து.

அவள் காற்றிலேயே சிலுவையைப் போட்டுவிட்டு நகர்ந்தாள்.