திருப்பித் தட்டிய தர்பூசணி

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குக் காதுக்காரி தன் வீட்டுச் சமையலறை மேடையில் இருந்த தர்பூசணியை விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள். பழம் உள்ளேயிருந்து திருப்பித் தட்டியது. முதலில் இரண்டு தட்டு, ஒரு மூச்சு விடும் நேரம், பிறகு ஒன்று. பழம் ஏழு கிலோ, காம்பு காய்ந்தது, அடிப்பக்கம் மஞ்சள் விழுந்தது. ஜூஸ் போடுவதற்கென்றே பார்த்து வாங்கியது. காதுக்காரி என்பது தெரு வைத்த பெயர். அவள் காது பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மெல்லிய சத்தங்களை அனுப்பி, "கேட்டா கையைத் தூக்குங்க" என்று நாளுக்கு முப்பது முறை சொல்வாள். அதனால் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். குழாயை மூடினாள், மின்விசிறியை நிறுத்தினாள், இன்னொரு முறை தட்டினாள். இரண்டு, பிறகு ஒன்று. அப்புறம்தான் அலறினாள்.

அவள் கணவன் தீயணைப்பு நிலையத்தில் வேலை செய்தான். ஆறடி இரண்டங்குல உயரத்துக்கும் பார்க்கிற வேலைக்கும் சேர்த்து அவனை எல்லோரும் ஏணி என்றே கூப்பிட்டார்கள். பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தவன், விஷயத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பழத்தை ஒரு தட்டு தட்டினான். பதில் வந்தது. ஏணி அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான். கன்னத்து நுரை காய்ந்து உதிரும்வரை எழவில்லை. எழுந்தபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னான்.

"இதை வெட்டாத."

மத்தியானத்துக்குள் தெருவே அந்த வீட்டில் இருந்தது. பழக்கடைக்காரர் வந்து தட்டிப் பார்த்து வெலவெலத்துப்போய், இத்தனை வருட வியாபாரத்தில் தட்டினது எல்லாம் நான்தான், பழம் ஒருநாளும் தட்டியதில்லை என்று கடவுள் மேல் ஆணையிட்டார். எதிர்வீட்டுக்காரர் புழுவாக இருக்கும் என்றார். புழுவுக்கு எண்ணத் தெரியுமா என்று அவர் மனைவி கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் வந்து, நான்கு பக்கமும் தட்டி, நான்கு பக்கமும் ஒரே பதில் வருவதைக் குறித்துக்கொண்டு, உண்ணத் தடையில்லை என்று முத்திரை வைத்த தாளைக் கொடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்தபடி போனார். பழம் தானாக ஒருபோதும் தட்டவில்லை. தட்டினால் மட்டும் தட்டியது. புதன்கிழமைக்குள் கூட்டம் குறைந்துவிட்டது. ஏணி மட்டும் அந்த நான்கு நாளும் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டுக் கை கழுவினான்.

வியாழக்கிழமை மாலை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் வந்து நின்று, மூன்று வருடங்களுக்கு முன் இடிந்த கட்டடத்தைப் பற்றிச் சொன்னான். கட்டி முடிக்காத நான்கு மாடி அது. உள்ளே ஏழு பேர் மாட்டிக்கொண்டார்கள். ஆறு பேரை வெளியே எடுத்தார்கள், அதில் மூவர் உயிரோடு. அந்த மூவருக்காக ஏணிக்குக் கிடைத்த வீரச் சான்றிதழ் கூடத்துச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது ஆள் டைல்ஸ் ஒட்டுகிறவன். இரண்டாம் நாள் மத்தியானம் அவனைத் தேடிக் காங்கிரீட் பலகைக்கு அடியில் ஊர்ந்து போனவன் ஏணி.

"உள்ள இருந்து தட்டினாங்க. இதே தட்டு. ரெண்டு, அப்புறம் ஒண்ணு. எனக்கு நல்லாக் கேட்டுது. அந்த நேரம் பார்த்து மேல இருந்த பலகை ஒரு விரக்கடை இறங்குச்சு, மண்ணு வாய்க்குள்ள போச்சு. எப்படி வெளிய வந்தேன்னு தெரியல. ஏதாவது கேக்குதான்னு ஆபீசர் கேட்டாரு. இல்லன்னு தலையாட்டிட்டேன். இடிபாட்டை அள்ற மிஷினை உள்ள விட்டுட்டாங்க."

காதுக்காரியின் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனுஷனை அன்றுதான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"காது கேக்காதவங்ககூட, கேட்ட மாதிரி இருக்குன்னு சந்தேகத்துல கையைத் தூக்குவாங்க. உங்களுக்கு நல்லாக் கேட்டிருக்கு. நீங்க தூக்கலயே" என்றாள். விழுந்த சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "அவர் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வீட்டுக்குள்ள வராதீங்க" என்றாள்.

டைல்ஸ் ஒட்டியவனின் மனைவி மூன்று தெரு தள்ளி ஒரு தையல் கடை வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் போன ஏணி என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்பது யாருக்கும் தெரியாது. தையல் மிஷின் திடீரென்று நின்றது மட்டும் பக்கத்துக் கடைக்குக் கேட்டது. அவள் கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே நடந்து வந்தாள், ஏணி நாலடி பின்னால் வந்தான். நேராகச் சமையலறைக்குப் போய்ப் பழத்தைத் தட்டினாள். இரண்டு, பிறகு ஒன்று.

"ஒவ்வொரு டைல்ஸையும் ஒட்டிட்டு இப்படித்தான் தட்டிப் பார்ப்பாரு. உள்ள கலவை பிடிக்காம பொள்ளலா இருக்கான்னு" என்றாள். பிறகு பழத்தின் மேல் காதை வைத்துச் சாய்ந்துகொண்டாள். தட்டினாள், கேட்டாள், தட்டினாள், கேட்டாள். இப்படி இரண்டு மணி நேரம். காதுக்காரி வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வாசலை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கடைசியில் தையற்காரி நிமிர்ந்து, ஏணியைப் பார்க்காமலே சொன்னாள்.

"வெட்டுங்க. மூணு வருஷமா உள்ளயே இருக்கு. நீங்கதான் வெட்டணும்."

ஏணி கத்தியை இறக்கியபோது மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தால் சிவந்த சதையும் கறுத்த விதையும்தான் இருந்தன. ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. உள்ளே வேறொன்றும் இல்லை என்று பார்த்ததும்தான் தையற்காரி வாய்விட்டு அழுதாள். காதுக்காரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தாள். துண்டு போட்டாள், கத்தி முனையால் விதைகளை நெம்பி எடுத்தாள். மிக்ஸியில் இரண்டே சுற்று விட்டாள். அதிகம் ஓடினால் தப்பிய விதை அரைபட்டுக் கசக்கும். தண்ணீர் ஊற்றாமல் வடிகட்டி, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மூன்று டம்ளரில் ஊற்றினாள். மூன்று பேரும் நின்றபடியே குடித்தார்கள். நல்ல இனிப்பு.

டம்ளரை வைத்துவிட்டுத் தையற்காரி தன் நெஞ்சைத் தட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. காதுக்காரியும் தட்டிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. தையற்காரி ஏணியின் முன்னால் போய் நின்று, அவன் நெஞ்செலும்பில் கதவைத் தட்டுவதுபோல் தட்டினாள். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது; பிறகு ஒன்று. சூடு பட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள். ஏணி சுவரைப் பிடித்துக்கொண்டான்; அவன் பற்கள் கிட்டித்துப்போய்விட்டன. தையற்காரி கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டாள்.

"அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள்.

ஏணி சான்றிதழைக் கழற்றி, நடந்ததை எழுதிய கடிதத்தோடு சேர்த்து மேலதிகாரியிடம் கொடுத்தான். விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. தட்டும் சத்தம் கேட்டதற்கு ஆதாரம் காட்டச் சொன்னார்கள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். விசாரணை அதிகாரி தட்டினார், நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார், அன்று முழுக்க வேறு கேள்வி கேட்கவில்லை. இந்த மாதிரி ஆதாரத்தைப் பதிவு செய்யப் படிவம் இல்லை என்று எழுதி, ஏணியை மீட்புப் பணியிலிருந்து எடுத்துப் பம்ப் பழுதுபார்க்கும் கொட்டகையில் போட்டார்கள். நெஞ்சுப் படம் எடுத்த டாக்டர், நுரையீரல் சுத்தம், இருதயம் சுத்தம், தட்டினால் பதில் வருகிறது என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தார். காதுக்காரி எட்டு மாதம் அவனோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பதாம் மாதம் பேசினாள். என்ன பேசினாள் என்பது அவர்களுக்குள் உள்ளது.

தையற்காரி மன்னித்துவிட்டதாக எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் பதினோரு மணிக்கு வந்தாள். ஏணி மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு நிற்பான். அவள் ஒருமுறை தட்டுவாள், கேட்பாள், போய்விடுவாள். முதல் வருடம் நின்றபடியே போனாள். இரண்டாம் வருடம் உட்கார்ந்தாள். அப்புறம் காதுக்காரி எந்தப் பழம் கிடைக்கிறதோ அதில் ஜூஸ் போட்டு வைத்தாள், அவளும் குடித்தாள். தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துத் திடுக்கிட்டு யாரையாவது விசாரிப்பார்கள். ஆறாவது வருடம் ஒரு ஞாயிறு, நல்ல வெயில், தையற்காரி தட்டிவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள்.

"இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா வருது. உடம்புக்கு முடியலயா?" என்று ஏணியிடம் கேட்டாள்.

"ரெண்டு நாளா சளிங்க" என்றான்.

"அப்ப இவருக்கு ஐஸ் போடாதம்மா" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு, தன் டம்ளரை எடுத்துக்கொண்டாள்.