இடுப்பளவு தண்ணீர்

படகில் எல்லோரும் அவளை அரைப்படி என்றுதான் கூப்பிட்டார்கள். கடற்படையில் சேர எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவுதான் அவள். அதற்கு மேல் ஒரு நூல்கூடக் கிடையாது. உயரம் அளந்த அன்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் தேறினாள் என்று அவளுடைய அண்ணன் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது பொய். ஆனால் முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

தாய்க்கப்பலின் வயிற்றிலிருந்து ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கரைக்குப் போய், மணலில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்பது அந்தப் படகின் வேலை. நின்றதும் அதன் முன்கதவு சங்கிலியில் இறங்கித் தண்ணீருக்குள் சரிவுப் பாதையாக விழும். வண்டிகள் அதன் வழியாக இறங்கிக் கரையேறும். ஆனால் வண்டியை அனுப்புமுன் யாராவது ஒருவர் முன்னால் இறங்கி நடந்து பார்க்க வேண்டும். கழி விட்டு ஆழம் பார்க்கலாம்தான். கழி ஓர் இடத்தைத்தான் சொல்லும்; வண்டிக்கு இரண்டு பக்கமும் சக்கரம். ஆகவே அந்தப் படகில் ஆள்தான் இறங்குவது வழக்கம். இத்தனை வருஷமும் இறங்கியவள் அரைப்படி. தண்ணீர் எதுவரை வருகிறதோ அதைக் கத்திச் சொல்வாள். முழங்கால், தொடை, இடுப்பு. இடுப்பு என்றால் லாரி போகலாம். அதற்குமேல் என்றால் கையைத் தூக்கிவிடுவாள், படகு பின்வாங்கி வேறு இடம் பார்க்கும்.

பழைய சுக்கானி வேறு படகுக்குப் போனதும் அந்த இடத்துக்கு அவள் மனுப் போட்டாள். இன்று பரீட்சை. தேறினால் சுக்கான் அவளுக்கு. தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருவார்கள், அவள் பழையபடி தண்ணீரில் இறங்குவாள். இறங்குவது அவளுக்குப் பிடிக்காத வேலை என்றில்லை. ஆனாலும் எத்தனையோ நாள், ஈரக் கால்சட்டையோடு முன்கதவில் நின்று திரும்பிப் பார்க்கும்போது, பின்னால் உயரத்தில் அந்தச் சுக்கான் அறையின் கண்ணாடி வெயிலில் மின்னும். அங்கே நிற்பவருக்குப் படகு முழுவதும் ஒரே பொருளாகத் தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். அந்த ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனுக்கு மட்டும் தெரியும், அதுவும் சொல்லாமலே தெரியும்.

தண்ணீரில் இறங்கும் வேலைக்குப் புதிதாக ஒரு பையன் வந்திருந்தான். ஏணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கப்பலில் அவன் குனியாமல் நுழையக்கூடிய கதவு ஒன்றுகூட இல்லை. அவள்தான் அவனுக்கு வேலை சொல்லிக்கொடுத்தாள். காலைத் தேய்த்துத் தேய்த்து நட, குழி இருக்கான்னு பாரு, இடுப்பு வரைக்கும் வந்தா போகலாம், மேல போனா கையைத் தூக்கு. ஏணி நல்ல பிள்ளை. சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் கேட்டுக்கொண்டான்.

முதல் நடை வீரர்களை இறக்குவது. அது எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தது. பரீட்சை அதிகாரி சுக்கான் அறை மூலையில் சாய்ந்துகொண்டு பெப்பர்மின்ட் சப்பிக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எஞ்சினைப் பார்க்கும் மெக்கானிக் மட்டும் கீழேயிருந்து தலையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

இரண்டாவது நடைக்கு ஒரே ஒரு லாரி. படைக்குச் சமையல் சாமான் ஏற்றியது. அதை ஓட்டிக்கொண்டு தாய்க்கப்பலின் உள்தளத்திலிருந்து படகுக்குள் இறங்கியது அவளுடைய அண்ணன். அவன் தரைப்படையில் லாரி டிரைவர். இந்தப் பயிற்சிக்கு எத்தனையோ வண்டி இருக்க, இவன் வண்டி இவள் படகில் வந்து விழுந்தது.

அவன் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்துக் கத்தினான். “சுக்கானி அம்மா! டிக்கெட் எவ்வளவு?”

“வாயை மூடிட்டு ஹேண்ட் பிரேக் போடு.”

“ஏம்மா, ஸ்டூல் போட்டு நிக்கிறியா, எட்டுதா?”

மெக்கானிக் சிரித்தார். ஏணி சிரிப்பை விழுங்கினான். அவள் உண்மையிலேயே ஒரு மரப்பெட்டியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தாள். அதிகாரி பெட்டியைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார்.

“உள்ள அடுப்பு இருக்கு, மாவு இருக்கு. நனைஞ்சா அத்தனை பேரும் உன்னைத்தான் திட்டுவாங்க, ஞாபகம் வச்சுக்க,” என்றான் அண்ணன்.

“நனையாது. நீ ஒழுங்கா ஓட்டு.”

அதற்குள் கடல் இறங்கத் தொடங்கியிருந்தது. கரை நெருங்கும்போது அவள் பின்நங்கூரத்தைப் போடச் சொன்னாள். திரும்பும்போது அதன் வடத்தைச் சுருட்டித்தான் படகு தன்னைத்தானே மணலிலிருந்து இழுத்துக்கொள்ளும். முதல் நடையில் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே படகின் அடி தட்டியது. மணல் திட்டு ஒன்று தலை தூக்கியிருந்தது. நிதானமாகத்தான் நின்றது; அவளுக்கே ஒரு சின்னத் திருப்தி. முன்கதவு இறங்கியது. ஏணி இறங்கினான். சுக்கான் அறையிலிருந்து அவளுக்கு லாரியின் முதுகுதான் தெரிந்தது, ஏணி தெரியவில்லை. குரல்தான் கேட்டது.

“முழங்கால்! தொடை! தொடை!” கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “இடுப்பு! இடுப்புதான் அக்கா, அதுக்கு மேல இல்ல!”

அவள் ஹாரனை ஒரு முறை அடித்தாள். போகலாம் என்று அர்த்தம். லாரி உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. மூக்கு தண்ணீரில் நுழைந்தது. நுழைந்தது, இன்னும் நுழைந்தது, முன்விளக்குகள் முழுகின. இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு அமைதி.

லாரி கீழே இறங்கிவிட்டதால் இப்போது அவளுக்கு ஏணி தெரிந்தான். வண்டிக்கு அந்தப் பக்கம், நட்டநடுத் தண்ணீரில், சொன்ன சொல் தவறாமல் இடுப்பளவில் நின்றுகொண்டிருந்தான். ஏணியின் இடுப்பு இருக்கிற உயரத்தில் அரைப்படிக்கு நெஞ்சு. அந்தப் படகில் அத்தனை வருஷமும் இடுப்பு என்றால் அவளுடைய இடுப்பு. அது அவளுக்கும் தோன்றவில்லை, மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை.

அண்ணன் ஜன்னல் வழியாக வெளியே வந்து கூரைமேல் ஏறி உட்கார்ந்தான். பூட்ஸைக் கழற்றி அதிலிருந்த தண்ணீரைக் கொட்டினான். “குட்டி! டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துடு!” என்று கத்தினான்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

கரையில் ஒரு புல்டோசர் இருந்தது. கம்பிவடத்தைக் கொண்டுபோய் மாட்டினால் லாரியை இழுத்துவிடும். ஆனால் கரைக்கும் லாரிக்கும் நடுவில், மணல் திட்டைத் தாண்டி, ஆழமான ஒரு பள்ளம் இருந்தது. தண்ணீர் வடிந்து புல்டோசர் ஆள் அதில் இறங்க நேரமாகும். கடலோ இறங்கிக்கொண்டே இருந்தது.

அதிகாரி முதல்முறையாக வாயைத் திறந்தார். “தண்ணி வேகமா இறங்குது. இப்ப கிளம்பினா படகு தப்பும். இல்லேன்னா திட்டுல உக்காந்துடும். சாயங்காலம் வரைக்கும் நகராது.”

“கிளம்பினா லாரி என்ன ஆகும் சார்?”

“நீதான் சுக்கான்ல நிக்கிற. நீ சொல்லு.”

அவள் பார்த்தாள். அலை பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. இப்போது படகின் இரும்புச் சுவரில் மோதி உடைந்து, லாரிக்கு வெறும் நுரையாகத்தான் போனது. படகு விலகினால் அத்தனை அலையும் நேராக லாரிமேல். உயரமான கூண்டு வண்டி அது. ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும். கூரைமேல் ஒருவன் பூட்ஸைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

பரீட்சையில் படகைக் கரையில் உட்கார வைத்தவர்களுக்கு யாரும் சுக்கானைக் கொடுத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

“நிக்கிறேன் சார்,” என்றாள். கீழே குனிந்து கத்தினாள். “மெக்கானிக், முன்னால தள்ளிக்கிட்டே இருக்கணும். வால் திரும்பக் கூடாது.”

“மணல் எஞ்சினுக்குள்ள வரும்மா!”

“வந்தா கழுவிக்கலாம்!”

“யாரு கழுவுறது? நான்தானே!” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் எஞ்சினைத் தள்ளவிட்டார்.

“ஏணி!” என்றாள். “கரைக்குப் போய் வடத்தை வாங்கிட்டு வா. பள்ளத்துல உன்னை விட்டா ஆள் இல்லை. நான் இறங்கினா தொப்பிதான் தெரியும்.”

ஏணி முகம் வெளிறிப்போய் நின்றிருந்தான். அதைக் கேட்டதும் விடுவிடென்று நடந்தான். தோளில் வடத்தைச் சுமந்துகொண்டு அவன் திரும்பி வரும்போது தண்ணீர் அவனுக்குக் கக்கம்வரை ஏறி ஏறி இறங்கியது. கரையில் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த வீரர்கள் கை தட்டினார்கள். “அடுப்பு பத்திரம்டா!” என்று ஒருவன் கத்தினான். அண்ணன் கூரையிலிருந்து சரிந்து இறங்கி, மூழ்கிக் கொக்கியை மாட்டிவிட்டு மேலே வந்து இருமினான். அத்தனை நேரமும் அவள் சுக்கானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் படகின் வாலை நேராக வைத்திருந்தாள். தோள் இரண்டும் கடுத்தன. புல்டோசர் இழுத்தது. லாரி ஒழுகிக்கொண்டு, அவமானப்பட்ட யானை மாதிரி கரையேறியது.

அவள் உடனே எஞ்சினைப் பின்னோக்கி ஓடவிட்டு, நங்கூர வடத்தையும் சுருட்டச் சொன்னாள். படகு அசையவில்லை. மெக்கானிக் எஞ்சினை அணைத்தார்.

ஏணி சொட்டச் சொட்ட மேலே ஏறி வந்தான். “அக்கா, நான் சரியாத்தானே சொன்னேன்?”

“சரியாத்தான்டா சொன்ன.” அவனுக்குத் தன் துண்டைத் தூக்கிப் போட்டாள். “முதல்ல தலையைத் துவட்டு. எட்டாது எனக்கு, இல்லேன்னா நானே துவட்டுவேன்.”

அதிகாரி கேட்டார். “தப்பு யாரோடது?”

“என்னோடது சார். யாரோட இடுப்புன்னு கேட்டிருக்கணும்.” அவள் மரப்பெட்டியிலிருந்து இறங்கினாள். “நான் போய்ச் சாமானை எடுத்து வைக்கவா சார்?”

“எதுக்கு?”

“பரீட்சை முடிஞ்சுதே.”

“பரீட்சைன்னா போறதும் வர்றதும். போயிருக்க. இன்னும் வரலையே.” அவர் அவளுக்கு ஒரு பெப்பர்மின்ட் நீட்டினார்.

கடல் திரும்பும்வரை படகு மணலில் குந்தியிருந்தது. அண்ணன் ஈர அடுப்பைத் திட்டித் திட்டிப் பற்றவைத்து, படைக்குப் பரிமாறுமுன் தங்கைக்குத் தட்டு கொண்டுவந்தான். சோறு புகைந்திருந்தது, உப்பு அதிகம். கடல் தண்ணீர் உபயம் என்றான் அவன். முன்கதவில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டார்கள், அதிகாரியும்தான்.

“உனக்குக் கோபமே வரலையா?” என்று அவள் அண்ணனிடம் மெதுவாகக் கேட்டாள்.

“எதுக்கு? நான் உக்காந்திருந்த இடத்துலேர்ந்து உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். பொட்டிமேல நின்னுட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு. சின்ன வயசுல ஊசியில நூல் கோக்கும்போதும் அப்படித்தான் நாக்கைக் கடிப்ப.” அவன் வேறு பக்கம் பார்த்தான். “படகு போயிடுமோன்னு ஒரு நிமிஷம்கூட நினைக்கலை.”

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

சாயங்கால வெளிச்சத்தில் தண்ணீர் படகின் விலாவில் தட்டத் தொடங்கியது. இதுதான் மோசமான நேரம். பாதி மிதந்து பாதி தட்டும்போது ஓர் அலை வாலைத் திருப்பிவிட்டால் படகு கரைக்குப் பக்கவாட்டில் கிடந்துவிடும். அவள் அவசரப்படவில்லை. பின்நங்கூர வடத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் எவ்வளவு இடம் கிடைக்கிறதோ அவ்வளவு மட்டும் சுருட்டச் சொன்னாள். அலை தூக்கும், சுருட்டு. இறக்கும், பிடி. முன்னால் அண்ணன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தோளைக் கொடுத்து அந்த இரும்பு மலையைத் தள்ளிக்கொண்டிருந்தான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

கடைசியாக ஒரு பெரிய அலை வந்தது. “இழு!” என்றாள். அடியில் மணல் கரகரத்து, பிறகு அந்தச் சத்தம் இல்லாமல் போயிற்று. படகு நேராகப் பின்வாங்கியது. அண்ணன் தள்ளுவதற்கு ஒன்றுமில்லாமல் தண்ணீரில் முகம் குப்புற விழுந்து எழுந்தான்.

ஆழத்துக்கு வந்து படகைத் திருப்பினாள். தாய்க்கப்பலின் பின்வாசல் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ரேடியோ கரகரத்தது. காலையிலிருந்து எங்கே போனீர்கள், சுக்கானில் யார் என்று கப்பலிலிருந்து கேட்டார்கள். அவள் ரேடியோவுக்குக் கை நீட்டுமுன் அதிகாரி எடுத்துவிட்டார்.

“இந்தப் படகோட சுக்கானிதான்,” என்றார். “வாசலைத் திறந்து வைங்க.”