நாகேந்திரம் விழுங்கிய அத்தியாயம்

யோசெப்பினுக்கு மந்திரவாதிகளைக் கண்ணிலும் காட்டக்கூடாது. கதை எழுதுகிறவருக்கு வழி தெரியாமல் போகிற இடத்திலெல்லாம் மந்திரவாதி கோலைத் தூக்குவான், கோல் மினுங்கும், காரியம் முடிந்துவிடும். பிறகெதற்கு முந்நூறு பக்கம் என்பது அவள் கட்சி. விண்வெளிக் கதைகள் அப்படியில்லை. அங்கே காற்று தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

முப்பத்தொன்பது வயது. ஆறு வயதில் வந்த சின்னமுத்து என்ற அம்மை கண்களைக் கொண்டுபோய்விட்டது. கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் டெலிபோன் ஒப்பரேற்றர். கொட்டாஞ்சேனையில் தம்பி குடும்பத்தோடு இருந்தாள். வேலை விட்டு வந்து பிளேன்டீ குடித்தவுடன் கசெட் பிளேயரைத் தட்டிவிட்டால், தம்பி மனைவி இமெல்டா சாப்பிடக் கூப்பிடும்வரை அவள் பூமியில் இருக்கமாட்டாள்.

கசெட்டுகள் வெள்ளவத்தையிலிருந்து தபாலில் வரும். நூலகராக இருந்து ஓய்வுபெற்ற சரோஜினிதேவி தன் வீட்டு முன்னறையில் பார்வையற்றோருக்காக ஓர் ஒலிநூல் நிலையம் நடத்தினார். தெரிந்தவர்கள் வந்து வாசிப்பார்கள்; அவர் பதிவுசெய்து ஊரெல்லாம் அனுப்புவார். ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிக் கசெட்டின் கடைசி ஐந்து நிமிடம் வெறுமையாக இருக்கும். கேட்டவர் அதில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பவேண்டும். எல்லாரும் நன்றி, மிக நன்று, கடவுள் ஆசீர்வதிப்பார் என்று அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். யோசெப்பினுக்கு மட்டும் ஐந்து நிமிடம் காணாது.

"ஒரே எழுத்தில துவங்கிற பேர் நாலு பேருக்கு வைக்கிறது கண் தெரிஞ்சவைக்குச் சரி, பக்கத்தைத் திருப்பிப் பாப்பினம். நான் ரீவைண்ட் பண்ணினா கசெட் ரேப் சிக்குது." இது ஒரு தடவை. "ராக்கெட்டுக்குள்ள என்ன இருக்கெண்டு இருபது நிமிசம் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எக்ஸ்சேஞ்சுக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாமத்தான் நான் பதினாறு வருசமா டெலிபோன் கோல் குடுக்கிறன்." இது இன்னொரு தடவை. வேறு கிரகத்து வானம் ஊதா நிறம் என்று வாசிக்கும்போது சிலர் குரலைத் தாழ்த்துவார்கள், அவளுக்கு மனம் நோகுமென்று. "தாராளமா வாசியுங்கோ. ஊதா வானமும் நீல வானமும் எனக்கு ஒரே தூரந்தான்."

விண்வெளிக் கதைகளை வாசித்தவர் நாகேந்திரம். ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தமிழில் சொல்லிக்கொண்டு போவார். தடுக்கவே தடுக்காது. ஆனால் அவர் வாசிப்பில் எந்த விண்கலம் எங்கே இறங்கினாலும், மாகோ சந்தி ஸ்டேசனில் மெயில் ரயில் வந்து நின்ற மாதிரித்தான் இருக்கும். அதையும் யோசெப்பின் ஒருமுறை சொல்லி அனுப்பினாள். அடுத்த கதையில் விண்கலம் கொஞ்சம் மெதுவாக இறங்கியது. அவர் கோபிக்கவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு தை மாதம், செவ்வாய்க் கிரகத்தில் குடியேறிய மனிதர்களைப் பற்றிய ஒரு நீண்ட கதை எட்டுக் கசெட்டுகளில் வந்தது. யோசெப்பின் மூன்று நாளில் கேட்டு முடித்தாள். ஐந்தாவது கசெட்டில் மாத்திரம் ஏதோ இடறியது. ஓர் ஊர்ச் சனம் இரவு படுக்கப்போகிறது. டிக் என்று ஒரு சத்தம். அடுத்த வசனத்தில் அதே சனம் ஆளுக்கொரு பையோடு வேறெங்கோ ஒரு சுரங்கத்துக்குள் இருக்கிறது. மகளோடு எந்நேரமும் சண்டை பிடிக்கிற ஒரு கிழவர் இருந்தார், அவரைக் காணவில்லை. டிக் சத்தத்துக்கு முன்னால் மின்விசிறி சுற்றியது, பின்னால் இல்லை. நாகேந்திரத்தின் குரலும் மூக்கடைத்துத் தடிமன் பிடித்தது போல இருந்தது.

அவள் ஐந்து நிமிடத்தையும் பாவித்தாள்.

"ஐயா, நீங்க ஒரு அத்தியாயத்தை விழுங்கிட்டீங்க. பேப்பரில செய்தியை வெட்டுறது காணாதா, செவ்வாய்க் கிரகத்திலயும் வெட்டவேணுமா? எது கேக்கலாம், எது கேக்கப்படாதெண்டு நாங்கள்தான் யோசிக்கவேணும். அந்தக் கிழவர் எங்க?"

பத்து நாள் கழித்து கம்பனிக்குச் சரோஜினிதேவியிடமிருந்து கோல் வந்தது.

"யோசெப்பின், என்ன பிள்ளை சொன்னனீர் அவருக்கு? இனி வாசிக்கமாட்டாராம். புத்தகத்தையும் மேசையில வைச்சிட்டுப் போட்டார்."

"நான் கேட்டது பிழையா அக்கா?"

"பிழையெண்டு நான் சொல்லேல்லை. ஆனா செவ்வாய்க் கிரகம் வாசிக்கிறதுக்கு என்னட்ட வேற ஆள் இல்லை."

அன்று மாலை யோசெப்பின் மூன்று கோலைப் பிழையான ஆட்களுக்குக் கொடுத்தாள். கேட்டது சரி என்ற எண்ணம் அசையவில்லை. ஆனால் அந்தத் தடிமன் குரல் காதை விட்டுப் போகவுமில்லை. சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போவதென்று தீர்மானித்து, திருப்பிக் கொடுக்கவேண்டிய வேறொரு கதையின் கசெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கமாகத் தன்னை ஏற்றிப்போகிற திரீவீலர்காரர் ஸாலிஹைக் கூப்பிட்டாள்.

"மன்னிப்புக் கேக்கவா போறீங்க மிஸ்?" என்றார் ஸாலிஹ். கதை முழுவதும் அவருக்கும் தெரியும்.

"இல்லை. மிச்சக் கதை கேக்க."

காலி வீதிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையைத் திறந்து, "மே மொனவத?" என்றான், இதெல்லாம் என்ன என்று.

"கதந்தர, மல்லி," என்றாள் யோசெப்பின். கதைதான் தம்பி. அவன் ஒரு கசெட்டை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டான்.

நாகேந்திரம் வெள்ளவத்தையில் மாடியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும், "ஆர்?" என்றார். நேரில் அந்தக் குரல் கசெட்டில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"யோசெப்பின். மாகோ சந்தி."

பிறகு ஒரு கதிரை இழுபட்டது. "இரும் பிள்ளை."

தேத்தண்ணி வந்தது, சீனி கொஞ்சம் அதிகம். அவராகக் கதைக்கட்டும் என்று அவள் பேசாமல் குடித்தாள்.

"நீர் பிடிச்சது சரிதான்," என்றார் கடைசியில். "அந்த அத்தியாயத்தில, விடியிறதுக்குள்ள ஊரை விட்டு எல்லாரும் வெளிக்கிட வேணுமெண்டு அறிவிக்கிறாங்கள். சனம் முழுக்க ஒரே பாதையால நடக்குது. அந்தக் கிழவன் மட்டும், நான் வரேல்லை எண்டு கதிரையில இருக்கிறான்."

யோசெப்பினுக்கு விளங்கிவிட்டது. தொண்ணூற்றைந்தில் யுத்தம் நெருங்கி, யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டதைப் பற்றிக் கொழும்பில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"நீங்களும் நடந்தனீங்களா ஐயா?"

"நடந்தனான். மழை. என்ர அண்ணர் தில்லைநாதன் வரமாட்டன் எண்டு முன் விறாந்தையில கதிரையைப் போட்டு இருந்திட்டார். பிறகு போய்ப் பார்த்த ஆக்கள் கதிரை மட்டும் கிடந்தது எண்டு சொல்லிச்சினம். அவ்வளவுதான்."

"அதாலதான் வாசிக்க ஏலாமப் போச்சு."

"அதில்லை பிள்ளை." அவர் குரல் திடீரென்று உயர்ந்தது. "வாசிக்கலாம். இருபதாம் அத்தியாயத்தில சனம் திரும்பி வருது. அந்தக் கிழவன் அதே கதிரையில இருந்து, ஏன் இவ்வளவு நேரம் எண்டு கேக்கிறான்! அதை எழுதினவனில எனக்குச் சரியான கோவம். அப்பிடி ஒரு பொய்யை என்ர வாயால சொல்லமாட்டன் எண்டு இரண்டு இடத்தையும் வெட்டினனான்."

அப்படியென்றால் அவர் விழுங்கியது ஒன்றல்ல, இரண்டு. இருபதாவதைத் தான் பிடிக்கவில்லையே என்று யோசெப்பினுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்ததாக வந்தது வேறு. கிழவர் உயிரோடு இருக்கிறார்! பத்துப் பன்னிரண்டு நாளாக அவரைச் சாகக் கொடுத்த துக்கத்தோடு அவள் கோல் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றாள், "உங்களுக்கு அது பொய். எனக்கு அந்தக் கிழவரைத் தெரியும். நாலு கசெட் முழுக்க அவரோட இருந்தனான். அவர் இருக்கிறாரெண்டு சொல்லாம என்னை விட்டிட்டீங்களே."

அவர் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"கிழவருக்கு நான் குரல் குடுக்கிறன்," என்றாள் யோசெப்பின். "நீங்க மற்றதெல்லாம் வாசியுங்க. அவர் கதைக்கிற இடம் வந்தா எனக்கு மெதுவாச் சொல்லுங்க, நான் மைக்குக்குச் சொல்லுறன். உங்கட வாயால வராது."

அன்று பின்னேரமே சரோஜினிதேவியின் முன்னறையில் இரண்டு அத்தியாயங்களையும் பதிவுசெய்தார்கள். நாகேந்திரம் சனம் நடந்ததை வாசித்தார். பாதையில் மழை இல்லை, செவ்வாயில் மழை ஏது, செம்மண் தூசிதான். ஆனால் அவர் வாசிப்பில் எல்லாரும் நனைந்துதான் நடந்தார்கள். இருபதாம் அத்தியாயத்தில் கிழவரின் முறை வந்தபோது அவர் யோசெப்பின் பக்கம் சாய்ந்து குசுகுசுத்தார். கம்பனியில் பழகிய தெளிவான குரலில் அவள் சொன்னாள்: "ஏன் இவ்வளவு நேரம்? தேத்தண்ணி ஆறிப்போச்சு."

நாகேந்திரம் சிரித்துவிட்டார். சிரித்தபடியே அழுதார் என்று பிறகு சரோஜினிதேவி சொன்னார். அந்த இடத்தைத் திரும்பப் பதிவுசெய்யவேண்டி வந்தது.

புதிய கசெட்டுகள் ஊருக்குப் போயின. நன்றி, மிக நன்று என்று வழக்கம்போலப் பதில்கள் வந்தன. மட்டக்களப்பிலிருந்து பெரியதம்பி என்பவர் மட்டும் நாலு நிமிடம் பேசியிருந்தார். கதை நல்லது, ஆனால் கிழவருக்குப் பெண்குரல் கொடுத்தது யார் மூளை? அவர் கதைக்கும்போதெல்லாம் லைனில் காத்திருக்கச் சொல்லப்போகிறாரோ என்று இருக்கிறது.

யோசெப்பின் ஒரு கிழமை முழுக்கக் கொதித்தாள். "மற்ற ஆக்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு நல்லாத்தான் கேக்கினம், இவருக்கு என்ன?" என்று இமெல்டாவிடம் கத்தினாள். இமெல்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு சோறு போட்டாள்.

அடுத்த சனிக்கிழமைகளிலும் அவள் வெள்ளவத்தைக்குப் போனாள். புதிய கதை கடலுக்கடியில் ஒரு நகரம் பற்றியது. அரசிக்கு அவள் குரல், காவலாளிக்கு அவர் குரல். மூன்றாம் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கும்போது கடற்கரைப் பாதையால் ஒரு ரயில் இரைந்துகொண்டு போனது. சரோஜினிதேவி பதிவை நிறுத்தினார்.

"மாத்தறை ரயில்," என்றார் நாகேந்திரம். "பதினொரு நிமிசம் லேட்."

சத்தம் தெகிவளைப் பக்கமாகத் தேயும்வரை மூவரும் இருந்தார்கள். பிறகு யோசெப்பின் தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசியின் வசனம் என்ன என்று கேட்டாள்.