ஆளுக்கு ரெண்டு செம்பு

சர்க்கரை நோயை ஒழிக்கத் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் சைக்கிள் பேரணி என்று கிளம்பிய மேலப்பாளையம் சைக்கிள் கடை அகமது மீரான், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று எல்லாருக்கும் பச்சைச் சட்டை தைத்துவிட்டார். பச்சை போட்டுத் திருச்செந்தூர் போகிறவர்களை முருக பக்தர்கள் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பார்கள்?

முதல் வருடமே குரும்பூர் பக்கம் பந்தல் போட்டிருந்த முப்பிடாதி, நாற்பது பேரையும் மறித்து ஆளுக்கு இரண்டு செம்பு பானகம் கொடுத்தாள். சாமிக்கு நேர்ந்ததை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? திருச்செந்தூரில் பரிசோதித்தால் மீரானுக்கு மட்டும் சர்க்கரை முந்நூற்றுப் பத்து.

இரண்டாம் வருடம் பானகத்தோடு பஞ்சாமிர்தமும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் வருடம் மீரானுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ தாயி, சர்க்கரை வியாதிக்காகத்தான் இந்தச் சைக்கிளே மிதிக்கோம்! எங்களுக்குப் போயி கருப்பட்டியக் கரைச்சு ஊத்துதிய!"

முப்பிடாதி கன்னத்தில் கைவைத்தபடி நாற்பது பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

நான்காம் வருடம் அண்டாவில் பானகம் இல்லை. மீரான் நிம்மதியாக இறங்கினார். கிட்டே போனால், உள்ளே பச்சையாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"பாவக்காச் சாறு அண்ணாச்சி. நாப்பது பேருக்குமா சர்க்கரை வரணும்! சொகமாவணும்னு நேர்ந்துக்கிட்டு, முருகன்ட்ட சைக்கிள்லயே போறியளே. ஆளுக்கு ரெண்டு செம்பு குடிங்க."

மீரான் கண்ணை மூடிக்கொண்டு செம்பைக் கவிழ்த்தார்.

"யா அல்லா!"

"அரோகரா!" என்று அடுத்த செம்பை நீட்டினாள் முப்பிடாதி.